சுருதி திருத்தும் பட்டன்

கீபோர்டில் வாசிக்க முடியாத, இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் நுண்சுரங்களைப் பாடுவதற்காகவே நாங்கள் நால்வர் இணையத்தில் ஒரு இசைக்குழு தொடங்கினோம். நான் தாம்பரத்திலிருந்து போனில் பாடிப் பதிந்து அனுப்புவேன். ஊரப்பாக்கத்து யூசுப் எல்லோருடைய பதிவுகளையும் ஒரே பாட்டாகக் கலந்து தருவான். முகம் பார்க்காத அவன்மேல் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம்.

கலந்து வந்த பாட்டில் என் குரல் கீபோர்டு கட்டைகளின் சுரங்களிலேயே போய் உட்கார்ந்திருந்தது. நடுச்சுரம் ஒன்றுகூட இல்லை.

"என் குரல்ல கை வெச்சியாடா? திருட்டு வேலை!" என்று குரூப்பில் எல்லோர் முன்னும் கத்தினேன்.

"நான் தொடவேயில்லண்ணா. உங்க போன்ல சுருதியைத் திருத்துற பட்டன் ஆன்ல இருக்கான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு அவன் குரூப்பிலிருந்து விலகிவிட்டான்.

பார்த்தேன். ஆனில்தான் இருந்தது; என் நடுச்சுரங்களைப் பக்கத்துக் கட்டைக்கு இழுத்துவிட்டது அதுதான்.

தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "குரூப்ல சொல்லுங்கண்ணா, வர்றேன்" என்றான்.

ஒரு வாரமாக குரூப்பில் போட அந்த ஒரு வரி மன்னிப்பை எழுதி எழுதி அழிக்கிறேன். திட்டும்போது எனக்கு ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை.