தண்டாயுதம் மச்சானும் குறுக்கு இரும்பும்

செய்தியைக் கொண்டுவந்தவர் கொடைக்கானல் பஸ் கண்டக்டர். வத்தலக்குண்டு பஸ் நிலையத்தை ஒட்டிய என் வெல்டிங் பட்டறை வாசலில் வந்து நின்று, தோல்பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு, "உங்க மச்சான் தவறிட்டாருங்க" என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "எந்த வளைவுல?" என்பதுதான். மலைப்பாதையில் அத்தனை வருஷம் டாக்சி ஓட்டியவர் இறந்துபோனார் என்றால் வேறு என்ன கேட்கத் தோன்றும்?

"வளைவெல்லாம் இல்லைங்க. வீட்டுல காப்பி குடிச்சிட்டு இருக்கையில நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சிட்டாராம். வண்டி வாசல்ல நல்லாத்தான் நிக்குது."

வண்டி நன்றாக நிற்கிறது, மனிதர் இல்லை. இது எனக்குப் புரிபட வெகுநேரம் ஆயிற்று. அதே பஸ்ஸில் ஏறி மேலே போகும்போதும் ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். எதைத் தேடினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தண்டாயுதம் அவர்கள் என் அக்கா பாக்கியத்தின் கணவர். பழனிக்காரர். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லோரும் அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை, பூஜைச் சாமான் கடை என்று உட்கார்ந்துவிட, இவர் ஒருவர்தான் கொடைக்கானலுக்குப் போய் ஒரு காப்பித் தோட்டத்துத் துரையிடம் டிரைவராகச் சேர்ந்தார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் துரை சீமைக்குத் திரும்பியபோது தன் பெரிய பழைய வண்டியை இவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து மச்சான் டாக்சிக்காரர்.

அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குத் தெரியாத எதையும் அவர் வாயிலிருந்து வாங்க முடியாது. கோடைக்கு வருகிற பணக்காரர்கள், "இன்னைக்கு மழை வருமாப்பா?" என்று கேட்பார்கள். மற்ற டிரைவர்கள், "வராதுங்க, ஏறுங்க" என்பார்கள். மச்சான் வானத்தைப் பார்ப்பார், தலையைச் சொறிவார், "தெரியலீங்க. வந்தாலும் வரும்" என்பார். எத்தனை மணிக்குக் கீழே போய்ச் சேருவோம் என்று கேட்டால், "போய்ச் சேந்ததும் சொல்றேங்க." இப்படிப்பட்டவரிடம் யார் ஏறுவார்கள்? பாதிப் பேர் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். மீதிப் பாதி, ஒரு தடவை ஏறியவர்கள், பிறகு இவரைத் தவிர வேறு யாருடனும் இறங்க மாட்டார்கள். ஏன் என்பதும் எனக்குத் தெளிவாக விளங்கியதில்லை.

கல்யாணமாகி இரண்டொரு வருஷத்தில் அந்தச் சம்பவம் நடந்தது. எங்கள் ஊர்த் திருவிழாவுக்காக அக்காவை முன்சீட்டில் வைத்துக்கொண்டு மச்சான் மலையிறங்கியிருக்கிறார். பெருமாள்மலை தாண்டிக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவு. வண்டி திரும்பியபோது அக்கா பக்கத்துக் கதவு தானாகத் திறந்துகொண்டது. பாதி உடம்பு வெளியே போய்விட்டது. மச்சான் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் ஒரு கையால் அக்காவின் முந்தானையையும் பிடித்து நிறுத்தியிருக்கிறார். அக்கா இறங்கினார், பின்னால் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டார்.

அதன்பிறகு அவர் அந்த வண்டியில் ஏறவே இல்லை. மச்சான் உயிரோடு இருந்தவரை ஏறவில்லை.

டாக்சிக்காரர் மனைவி பஸ்ஸில் போகிறார் என்றால் ஸ்டாண்டில் சும்மா விடுவார்களா? சிரிப்பாய்ச் சிரித்தார்கள். அக்கா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவருடைய பெட்டியையும் காய்கறி மூட்டையையும் மச்சான் டாக்சியில் ஏற்றிக்கொண்டு, பஸ்ஸுக்குப் பின்னாலேயே வத்தலக்குண்டு வரை ஓட்டிக்கொண்டு வருவார். பஸ்ஸில் அக்கா, பின்னால் காலி வண்டியில் மச்சான். பார்க்கிறவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு வயிறு எரியும்.

அந்தக் கதவு திறந்த வாரமே அவர் வண்டியை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கதவின் கொண்டியைப் பார்த்தேன். தேய்ந்திருந்தது. "இதான் மச்சான் கோளாறு" என்றேன்.

"கொண்டி தேஞ்சது வாஸ்தவந்தான் மாப்ளே. அப்படின்னா எல்லா எடத்துலயும்ல தெறக்கணும்? அந்த வளைவுல மட்டும் ஏன் தெறந்துச்சு? வண்டி முறுக்குது. ஈரத்துணியப் பிழியுற மாதிரி முறுக்குது. கதவு இருக்குற சட்டம் கோணிக்கிருது. அதான்."

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. அந்தக் காலத்து வண்டிகளுக்கு அடியில் இரண்டு நீள இரும்பு உத்தரங்கள் ஓடும். அதுதான் சேஸ். அதன்மேல்தான் வண்டியின் உடம்பு உட்கார்ந்திருக்கும். வளைவில் ஒரு சக்கரம் மேட்டில் ஏறி, எதிர்ச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் உத்தரம் முறுக்கிக்கொள்ளும். இதற்கென்று மதுரையில் ஒரு மோட்டார் சாமான் கடையில் குறுக்கு இரும்பு விற்றார்கள். இரண்டு உத்தரங்களுக்கும் நடுவே பெருக்கல் குறி மாதிரி வைத்து முடுக்க வேண்டியது. மாட்டினால் வளைவில் வண்டி தண்டவாளத்தில் போவது போலப் போகும் என்று கடைக்காரர் சொன்னாராம். மச்சான் அதை வாங்கிக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

இங்கேதான் நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம். மலைக்கு வண்டி ஓட்டுகிறவர்களும் அவர்களுக்கு வேலை செய்கிற எங்களைப் போன்றவர்களும் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. சீசன் ஆரம்பிக்கப் போகிறது, வண்டியைச் சும்மா நிறுத்த முடியாது, சீசனுக்கு முன்னால் எல்லா வேலையையும் ஒரே நாளில் முடித்துவிடுவது எங்கள் வழக்கம். குறுக்கு இரும்பை முடுக்கினேன். கொண்டியையும் மாற்றினேன். டயர்களும் புதிது போட்டாயிற்று. போதாததற்கு எங்கள் அம்மா பழனி விபூதியைக் கதவில் பூசி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து அனுப்பினார்.

கதவு திறக்கவில்லை. அந்த வளைவில் மச்சான் வேண்டுமென்றே பலமுறை போய்ப் பார்த்தார். கதவு அசையவில்லை. சந்தோஷமாக வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

"எது நிறுத்துச்சுன்னு சொல்லுங்க. ஏறுறேன்."

மச்சான் யோசித்திருக்கிறார். இரும்பா, கொண்டியா, டயரா, விபூதியா? கடைசியில், "தெரியலயே பாக்கியம்" என்றாராம்.

இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இரும்புதான்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான மச்சான்? அக்கா வந்து பாக்கவா போகுது?"

"தெரியாதத எப்படி மாப்ளே சொல்றது? அவ உசுரு அதுல ஒக்காரப் போகுது."

அன்றிலிருந்து அவர் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். அக்காவை ஏற்ற வேண்டும், அதற்கு உண்மை தெரிய வேண்டும். அவ்வளவுதான் அவர் கணக்கு. சவாரி இல்லாத நாளில் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவருவார். "இரும்பக் கழட்டு மாப்ளே" என்பார். கழற்றுவேன். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகுவார். உடம்பு முறுக்கினால் இடைவெளி கூடிக் காகிதம் விழ வேண்டும். பின்சீட்டில் மணல் மூட்டை ஏற்றி, என்னையும் உட்கார வைத்துக்கொண்டு, டம்டம் பாறை வரை ஏறி இறங்குவார். காகிதம் விழவில்லை. மறுபடி வந்து இரும்பை மாட்டிப் போனால் காகிதம் விழுந்தது. எனக்குத் தலை சுற்றியது. அடுத்த முறை முழுக்க மாறி நடந்தது. ஒரு தடவை மழை, ஒரு தடவை மூட்டை நகர்ந்துவிட்டது, ஒரு தடவை காகிதமே தடிமன் வேறு. மச்சானுக்கு மட்டும் சலிப்பு வரவில்லை.

ஸ்டியரிங் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "மாட்டுனா சொன்ன பேச்சு கேக்குது. ஆனா வயிறு குலுங்குது" என்பார். நானும் ஓட்டிப் பார்த்தேன். அவர் சொல்வதற்கு முன் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் சொன்ன பிறகு எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. இதில் எதை நம்புவது?

இதற்கிடையில் அந்த இரும்பைப் பார்த்து நானே செய்ய ஆரம்பித்துவிட்டேன். ஸ்டாண்டில் பாதி வண்டிக்கு என் பட்டறை இரும்புதான். மாட்டியவர்கள் எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். மச்சான் சிரித்தார். "காசு குடுத்து மாட்டுனவன் நல்லால்லன்னு சொல்லுவானா?" சவரிமுத்து என்ற டிரைவர் மட்டும் ஒரு வருஷம் ஓட்டிவிட்டு அதைக் கழற்றி ஆட்டுக்கொட்டகைக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். அவருடைய வண்டியும் மற்ற வண்டிகளைப் போலத்தான் ஓடியது. "கொட்டகை நல்லா நிக்குதுண்ணே" என்று மச்சானிடம் சொன்னார்.

ஒரு சமயம் ரோடு வேலைக்கு வந்திருந்த எஞ்சினியர் ஒருவர் மச்சானின் வண்டியில் தினமும் போய்வந்தார். நல்ல மனிதர். மச்சான் என்னையும் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போய் அவரிடம் கேட்டார். அவர் காகிதத்தில் படமெல்லாம் போட்டார். "இந்த மாதிரி ரோட்டுல சேஸ் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கணும். வளைய விடாமக் கட்டிட்டா அந்த முறுக்கு வேற எடம் தேடும்" என்றார். சரி, கழற்றிவிடலாம் என்று எழுந்தோம். "ஆனா உங்க வண்டி பழசு. உத்தரம் வலு குறைஞ்சிருக்கும். அதனால கட்டுறதும் நல்லதுதான்" என்றார். வெளியே வந்து மச்சான் பீடியைப் பற்றவைத்தார். "நம்மளவிட நல்லாக் குழம்பியிருக்காரு மாப்ளே. படிச்சவருல்ல" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் முன்கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தது. எஞ்சினியர் சொன்ன முறுக்கு அங்கே போய்விட்டதா, லாரிச் சக்கரத்திலிருந்து தெறித்த கல்லா என்று ஒரு மாதம் பேசினோம். முடிவு தெரியவில்லை. வருஷங்கள் இப்படியே போயின. கழற்றுவதும் மாட்டுவதுமாக போல்ட்டு முடுக்கும் துளைகளே தளர்ந்துவிட்டன. அக்காவும் பஸ்ஸிலேயே போய்வந்தார். வீட்டில் இருவருக்கும் சண்டை என்று நினைத்துவிடக் கூடாது. அவ்வளவு ஒற்றுமையான வீட்டை நான் பார்த்ததில்லை. மாலையில் அவர் வந்ததும் அக்கா, "தெரிஞ்சுச்சா?" என்பார். அவர், "இல்ல" என்பார். பிறகு சாப்பாடு.

கருமாதி முடிந்த மறுநாள் அக்காவைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவருவது தம்பி என்ற முறையில் என் பொறுப்பு. வெள்ளனே முதல் பஸ்ஸுக்குப் போகலாம் என்று பெட்டியை எடுத்தேன். அக்கா வாசலில் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டிய எடுடா."

எனக்குச் சரியாகக் கேட்டதா என்றே சந்தேகம். "அக்கா, இரும்பு இப்ப மாட்டியிருக்கா கழட்டியிருக்கான்னே தெரியலக்கா. கடைசியா அவராத்தான் ஏதோ பண்ணியிருக்காரு. இரு, பாத்துட்டு வாரேன்" என்று வண்டிக்கு அடியில் குனிந்தேன்.

"பாக்காத. எந்திரி."

எழுந்தேன். அக்கா முன்சீட்டில், அந்தக் கதவின் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பினேன். செண்பகனூர், பெருமாள்மலை எல்லாம் தாண்டினோம். அந்த வளைவு வந்ததும் வண்டியை மிகவும் மெதுவாக்கினேன். அங்கே வைத்துத்தான் அக்கா சொன்னார்.

"இரும்புதான் புள்ள, தைரியமா ஏறுன்னு ஒரு பொய் சொல்லுவாருன்னு இத்தன வருசமாக் காத்துக்கிட்டு இருந்தேன்டா. சொல்லியிருந்தா அன்னைக்கே ஏறியிருப்பேன். கடைசிவரைக்கும் சொல்லவே இல்ல அந்த மனுசன்."

பிறகு அக்கா அழுதார். மச்சான் போன நாளிலிருந்து அக்கா அழுது நான் பார்த்தது அப்போதுதான். எனக்கும் கண் மறைத்தது. வண்டியை ஓரமாக நிறுத்தலாம் என்றால், "நிறுத்தாத, போ" என்றார். போனேன்.

இதை எழுதும்போதும் எனக்கு ஒன்றும் தெளியவில்லை. உண்மையைத் தேடிய மனிதர் சரியா, ஒரு பொய்க்காகக் காத்திருந்த என் அக்கா சரியா, அந்த இரும்பு எதற்காவது உதவியதா, எதுவும் தெரியவில்லை. அவரைப் போன்ற மனிதரை இனி நான் பார்க்கப் போவதில்லை என்பது மட்டும் தெரியும்.

மச்சான், போய் வாருங்கள். அக்கா ஏறிவிட்டார். அந்த வளைவில் கதவு திறக்கவில்லை. எது நிறுத்தியது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.