தான்சானியா போன நவதானிய முடிச்சு

சில வாரங்களுக்கு முன்பு திருச்சி மன்னார்புரம் சிக்னலில் நிற்கிறேன். போன். துவாக்குடியில் பருப்பு உடைக்கும் மெஷின் செய்து விற்கும் நண்பர் சேகர்.

“சார், நம்ம மெஷினைப் புடிச்சு வெச்சுட்டாங்க.”

“யாரு, போலீஸா?”

“தான்சானியால சார்... துறைமுகத்துல.”

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் நின்ற பஸ் டிரைவர் ஹாரனிலேயே என்னைத் திட்டினார். வண்டியை ஓரம் கட்டினேன்.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டு சாம்பாரில் கொதிக்கிற துவரம்பருப்பு எந்த ஊர் என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? நானும் யோசித்ததில்லை. அதில் ஒரு பங்கு கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வருகிறது. தான்சானியாவில் துவரை போடும் விவசாயிகளில் பலர் நம்மை நம்பித்தான் விதைக்கிறார்கள். இங்கே இறக்குமதிக்குக் கதவு திறந்தால் அங்கே விலை ஏறும். மூடினால்... விழும். இதைத்தான் கருத்தரங்குகளில் பொருளாதார வளர்ச்சி, வர்த்தக உறவு என்று பெரிய வார்த்தைகளில் பேசுகிறார்கள்.

எனக்கு இதைச் சொன்னவர் இமானுவேல். தான்சானியாக்காரர். திருச்சியில் காலேஜ் படித்தபோது துவாக்குடியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தவர். அதனால் தமிழும் வரும், நம் ஊர்க் காரமும் பழக்கம். இப்போது சொந்த ஊரில் விவசாயிகள் சங்கம் ஒன்றை நடத்துகிறார். துவரையை முழுசாக விற்காமல் அங்கேயே பருப்பாக உடைத்தால், இந்தியாவை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்பது அவர் கணக்கு.

“உடைச்ச பருப்புன்னா பக்கத்து நாட்டுல, நைரோபி கடையிலகூட விக்கலாம் அண்ணே” என்று சொல்லித்தான் சேகரிடம் மெஷினுக்கு ஆர்டர் கொடுத்தார்.

ஊரில் வீடு வீடாகப் பேசி, இந்த வருட அறுவடையை வியாபாரியிடம் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருந்தார். மெஷின் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் மூட்டையில் வண்டு விழும். ஊர் அவர் முகத்தில் விழிக்காது.

“லேட் ஆச்சுன்னா என்னை ஊருக்குள்ள விடமாட்டாங்க அண்ணே.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மெஷினை அனுப்பிய அன்று நானும் பட்டறைக்குப் போயிருந்தேன். சந்தனம், குங்குமம், கற்பூரம், சுண்டல். எல்லாம் முடிந்ததும் சேகர் மஞ்சள் துணியில் கட்டிய நவதானிய முடிச்சு ஒன்றை, மெஷினில் தானியம் கொட்டுகிற வாய்க்குள் பத்திரமாக வைத்தார்.

“எதுக்குங்க இது?”

“தானியத்துல பொழைக்கிற மெஷின் சார். வெறும் வாயோட அனுப்பக் கூடாது. மணப்பாறைக்கு அனுப்பினாலே வெப்பேன்... கடல் தாண்டிப் போறதுக்கு வைக்காம இருப்பேனா?”

நியாயமாகத்தான் பட்டது. சுண்டலும் நன்றாக இருந்தது.

மணப்பாறைக்குச் சரி. வேறு நாட்டுக்கு? விதையோடு பூச்சியும் நோயும் வரும் என்று எந்த நாடும் வாசலிலேயே நிறுத்தும். அதிலும் துவரை விளைகிற பூமிக்குத் துவரை விதை! போதாக்குறைக்கு, கப்பல் ஆட்டத்தில் முடிச்சு அவிழ்ந்து, ஒன்பது தானியமும் மெஷினின் இண்டு இடுக்கெல்லாம் இறங்கியிருந்தன. மொத்தமாகக் கழற்றி, சுத்தம் செய்து, மருந்துப் புகை போட்ட பிறகுதான் விடுவோம் என்றுவிட்டார்கள் துறைமுகத்தில்.

சேகர் அந்த நவதானியத்தை வாங்கியது காந்தி மார்க்கெட்டில். அதிலிருந்த துவரை தான்சானியாவிலிருந்தே வந்ததாக இருந்தால்கூட ஆச்சரியமில்லை. யார் கண்டது?

“நல்லது நெனச்சுத்தானே சார் வெச்சேன்...” என்று புலம்பினார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. மெஷினை அடைத்த மரப்பெட்டிக்குக்கூட மருந்து அடித்துச் சான்றிதழ் வாங்கிய மனுஷன். முடிச்சை மட்டும் அவர் சரக்கு என்றே நினைக்கவில்லை. நம்பிக்கையை யார்தான் சரக்கோடு சேர்த்துப் பார்க்கிறார்கள்?

அங்கே சில வீடுகளில் பொறுக்க முடியாமல் துவரையை வியாபாரியிடமே, அவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். இமானுவேல் கோபப்படவில்லை. “பரவால்ல அண்ணே” என்று மட்டும் சொன்னாராம். அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம் என்றார் சேகர்.

ஒரு வழியாக மெஷினை விட்டார்கள். போன வியாழக்கிழமை சேகர் ஸ்ரீரங்கத்துக்கு என் வீடு தேடி வந்து, இமானுவேல் அனுப்பிய வீடியோவைக் காட்டினார். மெஷின் ஓடுகிறது. காத்திருந்த வீடுகளின் துவரை மஞ்சள் மஞ்சளாகப் பருப்பாய்க் கொட்டுகிறது. பெண்கள் கையில் அள்ளி அள்ளிப் பார்க்கிறார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சேகர் வீடியோவை நிறுத்தினார். மெஷினின் மேல் மூலையில் ஒரு சின்னத் துணி முடிச்சு தொங்கியது. உடனே போன் போட்டார்.

“தம்பி... அது என்ன?”

“ஏன் லேட்டுன்னு ஊர்ல கேட்டாங்க அண்ணே, கதையைச் சொன்னேன். மெஷின் செஞ்சவரே வெச்சதை எடுத்துட்டா எப்படி ஓட்டறதுன்னு சொல்லி, சுவிட்ச் போடவே விடலை.”

“ஒன்பதும் கெடைச்சுதா?”

“இல்லண்ணே. எங்க துவரை மட்டும்தான்.”

மெஷின்தான் இறக்குமதி. முடிச்சு... இனிமேல் உள்ளூர்த் தயாரிப்பு!