தலைமையாசிரியர் அறை வாசலில் ஒரு பெஞ்சு

பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்பு பெஞ்சு அது. எங்கள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அறை வாசலை ஒட்டிக் கிடக்கும். ஒரு கால் குட்டை என்பதால் அடியில் உடைந்த செங்கல் ஒன்றைச் செருகி வைத்திருந்தார்கள். அதில் யாராவது உட்கார்ந்திருந்தால், ஒன்று அவர்கள் பிள்ளை ஏதோ வம்பு செய்திருக்கும்; இல்லையென்றால் “நாளைக்கு வாங்க” என்ற பதிலை வாங்கிக்கொண்டு போகக் காத்திருப்பார்கள். என் அம்மா அந்த பெஞ்சில் இரண்டு நாள் உட்கார்ந்தாள். இன்று நான் ஒரு கல்லூரியில் பொருளியல் கற்பிக்கிறேன். இந்தப் பாடத்துக்கு எப்படி வந்தீர்கள் என்று மாணவர்கள் கேட்டால் ஏதாவது நல்லதாக ஒரு பதில் சொல்லிவைப்பேன். உண்மையான பதில் அந்த பெஞ்சுதான். அதைச் சொல்ல எனக்கு வெகுநாள் வெட்கமாக இருந்தது, இப்போது இல்லை.

எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கம். அம்மா சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பாகங்களைப் பொருத்தும் லைனில் வேலை பார்த்தாள். அதுவரை புடவை தவிர வேறு கட்டியறியாதவள், கம்பெனி சொன்னதால் முப்பத்தைந்து வயதில் சுடிதாருக்கு மாறினாள். அதன்மேல் சாம்பல் நிறக் கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. கம்பெனி வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வாள். லைன் பெண்கள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. வெளியில் ஏதாவது பேச்சு வந்தால் கம்பெனி பெயர் அதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற பயம்.

நான் பத்தாவது படித்த வருஷம், பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒரு ஷிஃப்டை நிறுத்தினார்கள். ஒரே வாரத்தில் பஸ் நிறுத்தத்து இட்லிக் கடை மூடிவிட்டது. வேலைக்காக வந்து எங்கள் ஊரில் அறை எடுத்திருந்த தெற்கத்திப் பெண்கள் பாதிப் பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். எங்கள் தெருவில் அறைகள் காலியாகக் கிடந்தன. ஆனாலும் அறை வாடகை இறங்கவே இல்லை. அது ஏன் என்று எனக்கு மண்டை குடைந்தது. வீட்டுக்காரர்களைக் கேட்டால் சிரித்தார்கள். அப்பாவைக் கேட்டேன், வேன் ஓட்டிவிட்டு வந்த களைப்பில் இருந்தவர், போய்ப் படிக்கிற வேலையைப் பார் என்றார். பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியைதான், இதற்கென்றே பொருளியல் என்று ஒரு படிப்பு இருக்கிறது, பட்டம் வரைக்கும் படிக்கலாம் என்று போகிற போக்கில் சொன்னார். அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டேன். அவர் அதைச் சொன்னது அவருக்கே நினைவிருக்காது.

பத்தாவது முடிந்தால் பதினொன்றில் எந்த குரூப் என்று தேர்ந்தெடுக்க வேண்டும் அல்லவா, எங்கள் பள்ளியில் அந்தத் தொல்லையே கிடையாது. மார்க் வரிசைப்படி ஒரு பட்டியல் ஒட்டுவார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குரூப்பையும் அவர்களே எழுதிவிடுவார்கள். மேலே இருப்பவர்களுக்கு முதல் குரூப்: கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல். கீழே இருப்பவர்களுக்கு மூன்றாவது குரூப்: வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல். பெற்றோர் வந்து கையெழுத்துப் போட்டால் சரி. பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்பதற்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை. என் பெயர் மேலிருந்து இரண்டாவதாக இருந்தது.

எனக்குப் பொருளியல்தான் வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளையெல்லாம் எஞ்சினியராக்கி அனுப்புவதைத் தன் பிறவிக் கடனாக நினைத்தவர். கணக்கில் இவ்வளவு எடுத்துவிட்டு மூன்றாவது குரூப்பில் போய் உட்காருவாயா, உனக்கென்ன புத்தி கெட்டுவிட்டதா என்று சத்தம் போட்டார். நானும் விடவில்லை. கடைசியில் என் பெயருக்கு எதிரே இருந்ததைச் சிவப்பு மையில் அடித்து, மூன்றாவது குரூப் என்று எழுதி, அனுபவி என்றார். உலகத்தையே ஜெயித்த மாதிரி வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அவரை எதிர்த்து நின்ற பெருமையில், அந்தக் குரூப்பில் எது இல்லை என்று நான் பார்க்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாடகை அறையில் குடியிருந்த திருநெல்வேலி அக்கா, அம்மாவோடு அதே லைனில் வேலை பார்த்தவள். ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டே என் புத்தகங்களைக் கேட்டாள். வரிசையாகச் சொன்னேன். கணக்கு எங்கே என்றாள். கணக்குப்பதிவியல் இருக்கிறதே என்றேன். அவள் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

“ஏட்டி, அது வேற, கணக்கு வேற. நானும் இதே குரூப்தான், பி.ஏ.யும் எகனாமிக்ஸ்தான். எம்.ஏ. எகனாமிக்ஸ்ல சேந்தேன். மொத வாரமே போர்டு பூரா கணக்கு. ஒண்ணும் வெளங்கல, யார்ட்ட கேக்கணும்னும் தெரியல. மூட்டையக் கட்டிட்டு இங்க வந்துட்டேன்.”

அவளுக்குப் பட்டம் இருப்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. மறுநாள், நான் மனசில் வைத்திருந்த சென்னைக் கல்லூரியின் விதிகளை அவளே எங்கோ விசாரித்து வந்து சொன்னாள். பன்னிரண்டாவதில் கணக்கோ வணிகக் கணிதமோ படித்திருந்தால்தான் அங்கே பொருளியல் பட்டம். இல்லாதவர்கள் விண்ணப்பமே போட முடியாது. பொருளியலும் வணிகக் கணிதமும் சேர்ந்த குரூப் எங்கள் பள்ளியில் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பள்ளியில் இருந்தது. அம்மா போய்க் கேட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் டி.சி. வாங்கி வந்தால் சேர்த்துக்கொள்கிறோம், அதற்கப்புறம் பெயர்ப் பட்டியல் கல்வி அலுவலகத்துக்குப் போய்விடும் என்றார்கள்.

தலைமையாசிரியர் டி.சி. தர மறுத்தார். ஒன்றைக் கொடுத்தால் வேண்டாம் என்கிறாள், கேட்டதைக் கொடுத்தால் அதுவும் வேண்டாமா என்றார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. நாளைக்கு வாங்க, பார்க்கலாம் என்றார். செவ்வாயன்று அம்மா போனாள், நாளைக்கு. புதனன்று போனாள், நாளைக்கு. விடும்மா, நான் இதையே படிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: “பஸ்ஸுக்கும் இதத்தான் சொன்னானுங்கோ. நாளைக்கு நாளைக்குன்னு.”

பஸ் விஷயம் எங்கள் தெருவுக்கே தெரிந்ததுதான். கம்பெனி பஸ் எங்கள் ஊர் முனைக்கு வராமல் நெடுஞ்சாலையிலேயே பெண்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. லாரிகளுக்கு நடுவில் சாலையைத் தாண்டி அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோனார்கள். ஒருநாள் காலை கம்பெனி வாசலில் பஸ் போய் நின்றது. கதவு திறந்தது. ஒருத்தியும் இறங்கவில்லை. கோஷம் இல்லை, கூச்சல் இல்லை. மடியில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டு அவரவர் சீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். டிரைவருக்குப் பின்சீட்டில் அம்மா. ஆளில்லாமல் லைன் ஓடுமா? அன்று மாலையே பஸ் ஊர் முனைக்கு வந்தது.

வியாழக்கிழமை காலை, நைட் ஷிஃப்ட் முடிந்து அம்மா வீட்டுக்கு வரவில்லை. ஊர் முனையில் இறங்கி நேராகப் பள்ளிக்கு நடந்து வந்து அந்தப் பச்சை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கம்பெனிச் சட்டை, திருப்பிப் போட்ட அட்டை, மடியில் டப்பா. காலை வணக்கக் கூட்டம் முடிந்து வகுப்புக்குப் போகும்போதுதான் பார்த்தேன். பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள். அது யாருடி என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். தெரியலையே என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். பெற்ற தாயைத் தெரியாது என்று சொன்ன வாய் இது. இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

தலைமையாசிரியர் வெளியே வந்து, அன்றைக்கும் நாளைக்கு வாங்க என்றாராம். சரி சார், நாளை வரும் வரைக்கும் இங்கேயே இருக்கிறேன் என்றாளாம் அம்மா. இடைவேளையில் இருந்தாள். சாப்பாட்டு மணி அடித்தபோதும் இருந்தாள். இரவெல்லாம் நின்று வேலை பார்த்தவள், கண் சிவந்திருந்தது, ஆனாலும் சாயவில்லை. வாட்ச்மேன் கேட்டைப் பூட்ட வந்தபோதுதான் எழுந்தாள். வீட்டில் அப்பா, ஊர் சிரிக்கிறது என்று கத்தினார். சிரிச்சா சிரிக்கட்டும், பல்லு அவங்களுதுதான என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிப்போனாள்.

வெள்ளிக்கிழமை அவள் தனியாக வரவில்லை. திருநெல்வேலி அக்காவும் லைன் பெண்கள் ஐந்து பேரும் கூடவே இறங்கி வந்துவிட்டார்கள். பெஞ்சில் மூன்று பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. தலைமையாசிரியருக்கு அதுதான் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். சத்தம் போட்டிருந்தால் அவரும் சத்தம் போட்டிருப்பார். இரண்டாவது பீரியடில் அறையை விட்டு வெளியே வந்தார். எதிர் வகுப்பில் ஜன்னலோரம் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

“இன்னாம்மா, பள்ளிக்கூடத்துல வந்து ஸ்ட்ரைக்கா?”

“ஸ்ட்ரைக்குன்னா வேலைய நிறுத்தணும் சார். நாங்க வேலைய முடிச்சிட்டுதான் வந்து குந்திகினு கீறோம். எம்பொண்ணு கேட்டது படிப்பு. தப்பா பூட்டுதுன்னா திருத்திக்கக் கூடாதா? லைன்ல ஒரு பீஸ் தப்பா மாட்டினாகூட, கயட்டி திரும்ப மாட்டச் சொல்றானே.”

இந்தப் பிடிவாதத்தைப் படிப்பில் காட்டி முதல் குரூப்பிலேயே இருந்திருந்தால் உங்கள் பெண் எஞ்சினியர் ஆகியிருப்பாளே என்றார் அவர். அம்மா தன் பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பெண்ணைக் காட்டினாள். “இதோ கீதே சார், எஞ்சினியர். எனக்குப் பக்கத்து சீட்டு. நான் மாட்டுற அதே ஸ்க்ரூவத்தான் மாட்டுது.”

அவர் அந்தப் பெண் பக்கம் திரும்பினார். எந்தக் கல்லூரி என்று கேட்டார். அவள் சொன்னாள். எங்கள் பள்ளியிலிருந்து வருஷாவருஷம் அவர் பிள்ளைகளை அனுப்பிவைக்கும் கல்லூரி அது. உள்ளே போய் டி.சி.யில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து, நின்றபடியே அம்மா கையில் கொடுத்தார். நான் யாரிடமும் கேட்காமல் வகுப்பை விட்டு எழுந்து வெளியே போனேன். வகுப்பே பார்க்க அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். முந்தின நாள் நான் சொன்ன பொய் அவளுக்குத் தெரியாது. இன்னும் சொல்லவில்லை. அவள் படிக்கத் தெரிந்தவள், இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். அன்று மத்தியானமே ஸ்ரீபெரும்புதூரில் சேர்ந்துவிட்டேன்.

பிறகு எல்லாம் சுலபமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். கல்லூரியில் முதல் பருவமே போர்டு பூரா கணக்குதான், அக்கா சொன்னபடியே. ஆனால் எனக்கு விளங்கியது. அந்த அறை வாடகை ஏன் இறங்கவில்லை என்பதற்கும் ஒருநாள் விடை கிடைத்தது. வீட்டுக்காரர்கள் ஷிஃப்ட் திரும்ப வரும் என்று நம்பி, குறைத்து விடுவதைவிடக் காலியாகப் போட்டு வைப்பதே மேல் என்று இருந்திருக்கிறார்கள். எத்தனை மாதம் வரை அப்படிக் காத்திருப்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகும் என்று நானே தாளில் போட்டுப் பார்த்தேன். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை மூன்றாவது குரூப்பில் இருந்துகொண்டு அடைந்திருக்க முடியாது. திருநெல்வேலி அக்காவுக்குத்தான் முதலில் போன் பண்ணினேன். அவள் இன்னும் லைனில்தான் இருக்கிறாள்.

இந்த ஜூன் மாதம் என் பழைய பள்ளிக்குப் போனேன். பட்டியல் இன்னமும் அப்படியேதான் ஒட்டுகிறார்கள். பொருளியலும் கணக்கும் சேர்ந்த குரூப் இன்னமும் இல்லை. வடக்குப்பட்டிலிருந்து வருகிற ஒரு பெண் கேட்டிருக்கிறாள், இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவளும் இன்னும் பத்துப் பிள்ளைகளும் கையெழுத்துப் போட்ட மனுவைக் கொண்டுபோனேன். குரூப் தொடங்க அனுமதி கேட்டுப் பள்ளியிலிருந்து மேலே ஒரு கடிதம் போக வேண்டும், அவ்வளவுதான். இப்போது தலைமையாசிரியை என் வயதுக்காரர். மரியாதையாக நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். ஆசிரியர் பணியிடம் இல்லை, பிள்ளைகள் எண்ணிக்கை போதாது என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில், நாளைக்கு வாங்க மேடம், பார்க்கலாம் என்றார்.

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பெஞ்சு அதே இடத்தில் கிடந்தது. இப்போது நீலப் பெயிண்ட். அடியில் அதே செங்கல். உட்கார்ந்தேன். கல்லூரி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. அதைத் திருப்பிப் போட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அம்மாவுக்குப் போன் பண்ணி, எங்கே இருக்கிறேன், என்ன சொன்னார்கள் என்று சொன்னேன். அவள் எதுவும் கேட்காமல் போனை வைத்துவிட்டாள்.

முக்கால் மணி நேரத்தில் ஷேர் ஆட்டோ ஒன்று கேட்டில் வந்து நின்றது. வேலையை விட்டு நான்கு வருஷம் ஆகிவிட்டது, முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடந்து வந்தாள். கையில் டிபன் டப்பா. ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் பார்த்தார்கள். “என் அம்மா” என்று அவர்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. பெஞ்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“தள்ளி குந்து” என்றாள்.