சாட்சி சாரதாமணி

அறுந்த இழைக்கு விரல்கள் முடிச்சுப் போடும் நேரத்தில் சாரதாமணியின் கண்கள் சுவரில் இருக்கும். பாடத்தில் வரும் ஆங்கில நாவலைப் பக்கம் பக்கமாக ஜெராக்ஸ் எடுத்து, கஞ்சிப் பசையால் தறிக்கு எதிரே ஒட்டியிருக்கிறார். புரியாத ஆங்கிலச் சொல்லைத் துணியில் பழுது குறிக்கும் சாக்பீஸால் வட்டமிடுவார். ஞாயிறு வகுப்பில் அத்தனை வட்டத்துக்கும் நான் பதில் சொல்லியாக வேண்டும். என் தலையெழுத்து.

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். வயது நாற்பத்திரண்டு. அஞ்சல் வழியில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறார். தறிச் சத்தத்தில் பழகிய தொண்டை, வகுப்பிலும் கத்தித்தான் பேசும். இவர் சந்தேகம் கேட்டால் பக்கத்து அறைப் பாடம் நின்றுவிடும்.

இந்த நாவலுக்கு வந்ததும் அந்தக் குரல் தணிந்துவிட்டது. வெள்ளையர் ஊரில், செய்யாத தீவைப்புக்காகக் கூண்டில் நிற்கும் பதினாறு வயதுக் கறுப்பினப் பையனின் கதை. அதில் வரும் சாட்சி பொய் சொல்லவில்லை, பார்க்க நினைத்ததைப் பார்த்தாள் என்று நான் விளக்கியபோது, சாரதாமணி பேனாவை மூடினார்.

வகுப்பு கலைந்த பிறகு சொன்னார். தான் வேலை செய்யும் தறிப் பட்டறையில் நூல் மூட்டை திருடு போன வழக்கில் இவர்தான் சாட்சி. பிடிபட்டவன் கதிர், ஊர் ஒதுக்கிவைத்த காலனிப் பையன், பத்தொன்பது வயது. மூன்று மாதமாகச் சிறையில் இருக்கிறான். இவர் பார்த்ததோ மூட்டையோடு போன ஒரு முதுகை மட்டும். பஞ்சு படிந்தால் பட்டறையில் எல்லா முதுகும் வெள்ளைதான். கதிர்தானே என்று முதலாளி கேட்டார். காலனியிலிருந்து வேலைக்கு வந்தவன் அவன் ஒருவன்தான். இவரும் தலையாட்டிவிட்டார். போலீஸ் எழுதிக்கொண்டது.

"கதையில வர்ற மாதிரி தீர்ப்புச் சொல்ல நம்மூரு கோர்ட்டுல பன்னெண்டு பேரு ஜூரி இல்லீங்களா சார்?"

நீதிபதி ஒருவர்தான் என்றேன்.

"அப்ப நாஞ் சொல்றத வெச்சுத்தானுங்களா அவரு முடிவு பண்ணுவாரு?"

எனக்குப் பயமாக இருந்தது. முன்பு சொன்னதையே சொல்லும்படி முதலாளி இவரிடம் ஆள் அனுப்பியிருந்தார். மாற்றிச் சொன்னால் மறுநாள் தறி கிடையாது. பாடம் நடத்துவது எனக்குச் சுலபம்.

புதன்கிழமை கோர்ட்டுக்குப் போனேன். பின்பெஞ்சில் முதலாளி உட்கார்ந்திருந்தார். அன்று பார்த்த ஆளை அடையாளம் காட்டும்படி அரசு வக்கீல் கேட்டார். சாரதாமணியின் விரல் கதிரை நோக்கி எழுந்தது. பாதியில் நின்றது.

"அவனக் கொஞ்சம் திரும்பி நிக்கச் சொல்லுங்கய்யா. நான் பாத்தது முதுகத்தானுங்க."

நீதிபதி தலையசைத்தார். கதிர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். சாரதாமணி வெகுநேரம் பார்த்தார். பிறகு, நீட்டிய விரலை மெல்ல மடக்கி, கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.