ஜன்னல் கம்பியில் ஒரு கோழிக்கூட்டுச் சீப்பு

போன செவ்வாய்க்கிழமை காலை கேற்றடியில் நின்று ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கையில் வாங்கினேன். அழுகை வந்துவிட்டது.

பழத்தில் ஒரு பிழையும் இல்லை. நல்ல கோழிக்கூடு வாழை. தந்தவரும் நல்ல மனுஷி – பக்கத்து வீட்டு பரீதா தாத்தா. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா.

“மாஸ்டர், இத டீச்சருக்கு குடுங்க. லேசா செமிக்கும். நோயாளிக்கு இத விட நல்ல சாமான் வேற என்ன ஈக்கிது?”

“பெரிய உபகாரம்” என்றேன். வேறென்ன சொல்ல?

டீச்சர் என்பது என் மனைவி சரோஜா. அவளுக்குப் புற்றுநோய். மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. இன்னும் எடை குறைந்தால் அடுத்த மருந்தைத் தள்ளிப்போட வேண்டிவரும் என்று கிளினிக்கில் டொக்டர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை நிறுத்துப் பார்ப்பார்கள். தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? நான் கேட்கவில்லை. பயம்தான்.

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது – கண்டியில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட சட்டம் இது ஒன்றுதான். அந்த ஒற்றுமை முழுவதும் வாழைப்பழமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்கிறது. வருகிறவர் கண் முதலில் நோயாளியைப் பார்க்கும். அடுத்து, போன தடவை தான் கொண்டுவந்த பழத்தைத் தேடும். எறியவும் முடியாது, ஒளிக்கவும் முடியாது.

இப்போது நான் ஒரு வாழைப்பழ முகாமையாளர். கோழிக்கூட்டைக் கட்டித் தொங்கவிட வேண்டும். மேசையில் வைத்தால் அடிப்பழம் நசிந்துவிடும். பழுத்தால் காம்பை விட்டுத் தானே விழும். புளிவாழையில் கறுப்புப் புள்ளி விழும்வரை பொறுக்க வேண்டும். ஆனைமாலு வாழையைக் கண்ணால் நம்பக்கூடாது, விரலால் அமர்த்திப் பார்க்க வேண்டும். எதையும் பிரிட்ஜில் வைக்காதீர்கள்… தோல் கறுத்துப் போகும். காயையும் பழத்தையும் பக்கத்தில் வைத்தால் காயும் அவசரப்பட்டுப் பழுத்துவிடும். இதெல்லாம் எனக்கு எதற்கு? யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்து கணக்குப் படிப்பித்தவன் நான்.

இன்னொரு தொல்லை, குரங்கு. ஹந்தானை மலைப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குசினியில் பழம் வைத்தால் கூரை ஓட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கும். வீட்டில் வலை அடித்த ஜன்னல் படுக்கையறையில் மட்டும்தான். ஆகவே எல்லாச் சீப்பும் அந்த ஜன்னல் கம்பியில், சரோவின் கட்டிலுக்கு மேலே. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஒன்றிரண்டு சாப்பிடுவாள் என்ற நப்பாசையும் உண்டு.

பரீதா தாத்தாவின் சீப்போடு கதிரையில் ஏறினேன். முழங்கால் நொந்தது. சரோவின் அண்ணன் தெல்தோட்டையிலிருந்து கொண்டுவந்த அரைக்குலை ஆனைமாலுவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது.

“அதையும் இங்கதான் கட்டப் போறீங்களா?” என்றாள் சரோ.

“ஓம். ஒரு பாதியெண்டாலும் சாப்பிடுமன். வெள்ளிக்கிழமை நிறுப்பினம்.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “இந்த மணந்தாங்க… வயித்தப் பொரட்டுது. சோத்த வாயில வச்சாலும் இந்த மணந்தான் வருது.”

கயிறு கையிலிருக்கக் குனிந்து பார்த்தேன்.

“எப்ப துவக்கம்?”

“அண்ணன் வந்துட்டுப் போன அன்னையிலேருந்து.”

“ஏன் சொல்லேல்லை?”

“எப்படிங்க சொல்றது? எல்லாரும் ஆசையா கொண்டாந்து குடுக்கிறாங்க. நீங்களும் முழங்கால் வலியோட ஏறி ஏறிக் கட்டுறீங்க…”

கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவளைப் பட்டினி போட்டது நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்; அதற்கு உதவியாளாக நானும் கயிறு கட்டியிருக்கிறேன். கதிரையிலிருந்து இறங்கி அதிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்தேன். பரீதா தாத்தாவின் பழத்தைப் பரீதா தாத்தாவுக்கே கொடுக்க முடியுமா? பையில் போட்டுக் கீழே ஓட்டோக்காரர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கனிந்து வழிந்ததை மதிலில் வைத்தேன். குரங்குகள் எந்த வகைப் பழம் என்று விசாரிக்கவில்லை. அறையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து கேட்டேன்.

“என்ன சாப்பிடுவீர்?”

“காயா இருந்தா பாக்கலாம். சாம்பல் வாழக்கா… வெள்ளையா, தேங்காப் பாலு விட்டு. மாசிக் கருவாடு போடாதீங்க. தாளிக்காதீங்க. மணமே வரக்கூடாது.”

கடைக்குப் போய்ப் பிஞ்சுமில்லாமல் முற்றலுமில்லாமல் ஒரு சீப்பு வாங்கி வந்தேன். சரோ கட்டிலில் இருந்தபடியே கட்டளையிட்டாள். கையில் எண்ணெய் பூசினேன், கயர்க் கறை பிடிக்காமலிருக்க. தோலை மெல்லிசாகச் சீவி, வெட்டி வெட்டி உப்புத் தண்ணீரில் போட்டேன். இரண்டாம் பாலில் பச்சை மிளகாயோடு அவித்து, முதற்பால் விட்டதும் இறக்கி, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி பிழிந்தேன். அவ்வளவுதான். சோறு குழைந்துவிட்டது, கறியில் உப்புக் குறைவு. இருந்தும் சரோ அரைக் கோப்பை சாப்பிட்டாள். நான் கதவடியில் நின்று, பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதனும் அதே கறி. வியாழனும் அதே.

வெள்ளிக்கிழமை நிறுத்துப் பார்த்தார்கள். எடை கூடவில்லை, குறையவுமில்லை. மருந்து ஏற்றினார்கள். அவள் தூங்கிய பிறகு வார்டுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாத அலுப்பு.

என்ன கொண்டுவரட்டும் என்று எல்லோரும் அவளிடம் கேட்டோம். எதை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று ஒருவராவது கேட்டோமா?