குலுங்காத பெட்டி

என் முதல் கம்ப்யூட்டர் இரண்டு தடித்த டிக்‌ஷனரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அளவுதான் இருக்கும். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. மதுரையில் ஒரு அலுவலகத்தில் கழித்துப் போட்டதை வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு சிவகாசிக்கு வந்தேன். மேசையை அடைக்காத சின்னப் பெட்டி என்று எனக்கு ஒரே பெருமை. சின்னப் பெட்டியில் ஏதாவது கெட்டுப்போனால் அதற்கேற்ற சின்னச் சாமானைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டும் என்பது அப்போது உறைக்கவில்லை.

அம்மா போன பிறகு வீட்டில் நானும் அக்காவும்தான். அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங் வேலை. அவள் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனதால்தான் நான் பன்னிரண்டாவது முடித்து, டி.டி.பி. கற்று, பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்யப் பழகினேன். நான் தலையெடுத்ததும் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன். வேறொன்றுமில்லை, பயம்தான். எங்கள் பக்கத்தில் பகலில் தூரத்தில் பெரிய வெடிச்சத்தம் கேட்டால் எல்லோரும் தெருவுக்கு வந்து புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன். தாயில்பட்டித் திசை இல்லை என்று தெரிந்ததும் மனசுக்குள் ஒரு நிம்மதி வரும். அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வருடம் சீசன் தொடங்குகிற நேரத்தில் ஓர் அச்சக முதலாளி என்னைக் கூப்பிட்டு ஆறு லேபிள் மாதிரி கேட்டார். “திங்கக்கிழம காலையில கொண்டாங்க தம்பி. நல்லா இருந்தா இந்த சீசன் பூராவும் ஒங்களுக்குத்தான்” என்றார். வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம், “இது மட்டும் கெடச்சா நீ இனிமே கம்பெனி வேனுக்கு நிக்க வேண்டாம்க்கா” என்றேன். அவள் நம்பாத மாதிரிதான் சிரித்தாள். ஆனால் சாயங்காலம் குழாயடியில் அதையே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை நாலு லேபிள் முடிந்திருந்தது. அன்றைக்குப் பார்த்து கரண்ட் போய்ப் போய் வந்தது. மூன்றாவது முறை வந்தபோது கம்ப்யூட்டர் வரவில்லை. கரண்டை வாங்கி உள்ளே இருக்கிற பாகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை போய்விட்டது. ஊரில் உள்ள கடையெல்லாம் ஏறி இறங்கினேன். எல்லோரும் காட்டியது செங்கல் பருமன். என் பெட்டிக்குள் அதில் பாதிகூட நுழையாது.

சனிக்கிழமை விருதுநகருக்கு பஸ் ஏறினேன். பஜார் பக்கத்துச் சந்தில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற பாய் ஒருவர், அட்டைப்பெட்டிகளைக் கிளறி, உள்ளங்கையைவிடக் கொஞ்சமே பெரிதான ஒன்றை எடுத்து ஊதித் தந்தார். “சின்னப் பெட்டிக்குன்னே வர்றது. ஒங்க பெட்டிக்கு இது இன்னும் சின்னதாத்தான் இருக்கும். ரெண்டு ஸ்குரூ சேரும், ரெண்டு சேராது. அது ஒண்ணும் செய்யாது. காத்துப் போற வழிய மட்டும் அடைச்சிராதீக. உள்ள கை வைக்க முந்தி ஏதாச்சும் இரும்பத் தொட்டுக்கோங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு லீவு. மூடியைக் கழற்றுவதற்கு முன் நான் ஜன்னல் கம்பியைத் தொட்டதைப் பார்த்துவிட்டு, “இதுக்கும் உண்டாலே?” என்று கேட்டாள். அவளுடைய கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் செம்புத் தகடு உண்டு. உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்று அதில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டருக்கும் அதே சட்டம் என்றதும் அவளுக்கு என் தொழில்மேல் மரியாதை கூடிவிட்டது. அவளும் போய்க் கம்பியைத் தொட்டுவிட்டு வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

பழைய பவர் சப்ளையின் ஒவ்வொரு பிளக்கையும் பிடுங்கப் பிடுங்க, அது இருந்த இடத்தில் அக்கா ஒரு கலர் நூலைக் கட்டினாள். புதியதை உள்ளே இறக்கி, நூலைப் பார்த்துப் பார்த்து மாட்டினேன். அகலமான பிளக் மதர்போர்டில், நாலு முனைச் சதுரப் பிளக் அதன் பக்கத்தில், ஹார்ட் டிஸ்குக்கு ஒன்று. ஒயர்தான் அந்தச் சின்னப் பெட்டிக்கு ரொம்ப நீளம். நான் திணறுவதைப் பார்த்து அக்கா வாங்கி, இரண்டு மடிப்பு மடித்து ஒரு முறுக்கு முறுக்கி மூலையில் படுக்கவைத்தாள். பாய் சொன்ன மாதிரியே இரண்டு ஸ்குரூதான் சேர்ந்தது. சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது, திரையில் வெளிச்சம் வந்தது. அக்கா சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்த நாட்கள் எனக்கு ரொம்பக் குறைவு. அந்தக் காலை திரும்ப வராதா என்று இப்போதும் ஏங்குகிறேன்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மூடி மாட்டியிருந்தது. வேலை மிச்சம் என்று உட்கார்ந்து ஐந்தாவது லேபிளை ஆரம்பித்தேன். புஸ்வாணத்துக்கு மயில் தோகை. ஒரு மணி நேரம் கழித்து, தோகையில் பாதி விரிந்திருந்தபோது திரை அணைந்துவிட்டது. கொஞ்சம் பொறுத்துப் போட்டேன், வந்தது. கால் மணி நேரத்தில் மறுபடியும் போனது. சேமிக்காத மயில் போயே போய்விட்டது. மூடியைக் கழற்றினால் காகிதம் பொசுங்கிய வாடை. பவர் சப்ளையைச் சுற்றியிருந்த இரண்டு விரல் இடைவெளி முழுவதும் காகிதச் சீவல். விசிறியின் வாயையும் சேர்த்து, ஒரு மயிரிழை இடம் விடாமல், அவ்வளவு நேர்த்தியாக அடைத்திருந்தது.

“என்னக்கா செஞ்ச?”

“தூக்கிப் பாத்தேம்லே. உள்ள லொடலொடன்னு குலுங்குச்சு. ரெண்டு ஸ்குரூதான பிடிச்சிருக்கு? அதான் நல்லா அடைச்சுவிட்டேன்.”

அவள் கம்பெனியில் மேஸ்திரி ஒவ்வொரு பெட்டியையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். சத்தம் வந்தால் பெட்டி திரும்பி வரும், கூடவே வசவும் வரும். பெட்டிக்குள் இடைவெளியைக் கண்டால் அவள் கை யாரையும் கேட்காமல் காகிதத்தைத் தேடும். காற்று போக வழி வேண்டும் என்று பாய் சொன்னதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. இவளுக்கு எதற்கு அதெல்லாம் என்ற நினைப்புதான். ஆனால் அந்த நேரத்தில் கோபம் கண்ணை மறைத்தது. “ஒனக்குப் பெட்டி அடைக்கிறதத் தவிர என்ன தெரியும்?” என்று கத்திவிட்டேன்.

அக்கா சீவலை ஒன்று விடாமல் எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள். நான் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துப் பெட்டியை ஆறவிட்டேன். நல்ல வேளை, அது பிழைத்துக்கொண்டது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஆறு லேபிளும் முடிந்தன.

மறுநாள் முதலாளி மயிலை வெகுநேரம் பார்த்தார். சீசன் எனக்கே கிடைத்தது. அல்வா வாங்கிக்கொண்டு ஓடி வந்து, வேலை முடிந்து வேனிலிருந்து இறங்கிய அக்காவை வாசலிலேயே மறித்தேன். “நாளையிலருந்து நீ போக வேண்டாம்க்கா.”

அவள் அல்வாவை வாங்கிக்கொண்டாள். “பெட்டி அடைக்கத் தெரிஞ்சவ பெட்டி அடைக்கிற எடத்துக்குத்தானலே போகணும்? இங்கன இருந்து நான் என்ன செய்யப் போறேன்?” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலையில் வேன் ஏறிப் போய்விட்டாள்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அக்காவிடம் போய் அதையெல்லாம் கேட்பார்களா என்று இருந்துவிட்டேன். அதற்குப் பதிலாக, போகாதே என்று அவ்வப்போது சண்டை மட்டும் போட்டேன். அவளும் சளைக்காமல் போய்க்கொண்டிருந்தாள்.

இரண்டு தீபாவளி கழித்து, ஒரு மத்தியானம் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. தெருவுக்கு ஓடினேன். புகை தாயில்பட்டித் திசையில் எழும்பியது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். வேன் நிற்கிற முக்கில் போய் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வேன் வந்தது. நாலாவது ஆளாக அக்கா இறங்கினாள். வெடித்தது வேறு கம்பெனியாம்.

அத்தனை பேர் முன்னால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “அன்னைக்கு நான் சொன்னது தப்புக்கா. தப்பு” என்றேன். எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

“இதச் சொல்ல ஒனக்கு ரெண்டு தீபாவளி ஆச்சாலே?” என்றாள்.

மறுநாள் காலை வேன் வந்து ஹாரன் அடித்தது. அக்கா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.