காக்கிச் சட்டையில் நின்ற நோயாளி

எங்கள் ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி தள்ளுபவரை எல்லோரும் 'டிரைவர்' என்றுதான் கூப்பிடுவோம். ஒரு மழைநாளில் ஈரப் படியில் வழுக்கிய நோயாளி ஒருவரைத் தாங்கிப் பிடித்தபோது டிரைவரின் முழங்கால் திருகிக்கொண்டது. மறுநாள் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. நர்ஸான நான் கட்டுப் போட்டுவிட்டு, "எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணே" என்றேன்.

காட்டத்தான் போனார். ஆனால் வேலைக்கு நடுவே, காக்கிச் சட்டையோடு வரிசையில் நின்றார். அவர் முறை நெருங்கும்போதெல்லாம் யாராவது ஒரு நாற்காலியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். நொண்டிக்கொண்டே தள்ளிப் போவார். திரும்பி வருவதற்குள் டாக்டர் கிளம்பியிருப்பார்.

"லீவு போட்டுட்டு வேற சட்டையில வாங்கண்ணே."

"பரிமாறுறவன் கடைசியிலதானே சாப்பிடணும், தங்கச்சி?"

"அதுக்குள்ள சோறு தீர்ந்துடும்."

சிரித்துவிட்டுப் போனார்.

மழைக்காலம் முடிந்தபின் அவர் மனைவி பூப்போட்ட சட்டையை மாட்டிவிட்டு அவரை இழுத்து வந்தாள். அன்று அவரை யாரும் வேலை ஏவவில்லை. டாக்டர் காலை மடக்கிப் பார்த்தார்.

"உள்ளே கிழிஞ்சு மூட்டு இறுகிப் போச்சு. அப்பவே வந்திருந்தா சரி பண்ணியிருக்கலாம். இனிமே முழுசா நீட்ட வராது. இத்தனை நாளா எங்கே போனீங்க?"

"தினமும் இங்கதான் சார் வந்தேன். நாற்காலிக்குப் பின்னாடி நின்னேன்."

டாக்டர் அவர் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

வாசல்வரை அவரை நாற்காலியில் வைத்து நான்தான் தள்ளினேன். "வளைவுல இடிச்சிடாதே, மெதுவா" என்று வழியெல்லாம் அதட்டிக்கொண்டே வந்தார்.